'பழகிப்போச்சு' என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை விற்ற நம் பையனைப் பார்த்து ஒருவர் 'பாலிக் இந்தியா', அதாவது 'இந்தியாவுக்கே திரும்பிப் போ', என்று கத்திய காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கத்தியவர்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே நம்மவர்கள் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இதெல்லாம் நமக்குப் பழகிப்போச்சு, தம்பிக்குத்தான் தெம்பு பத்தல."

அம்மாவுக்கு ஒத்தாசையாக வடை விற்கிற பிள்ளை அவன். மீதிச் சில்லறை கொடுக்கும்போது கை நடுங்குவது தெரியவில்லையா? அது உடம்பு பேசுவது. யார் எப்போது என்ன சொல்வார்களோ என்று நாள் முழுக்க விறைத்தே கிடந்தால் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், மனம் சோர்ந்துபோகும். பழகிப்போவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசிவரை சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, தோட்டப் பாட்டாளிகள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டியின் தங்கை குடும்பமும் போய்விட்டது. அதற்கப்புறம் லயத்துப் பக்கம் (தோட்டத்து வரிசை வீடுகள்) யாராவது ஃபைலோடு வந்தால் போதும், பாட்டி ஐசியைப் பிளாஸ்டிக் பையோடு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். பேரப்பிள்ளைகள் நாங்கள் குடிமக்களுக்கான நீல ஐசி எடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இதைப் 'பழகிப்போச்சு' என்பீர்களா?

"நாட்டுப்பற்று தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. சுதந்திர நாளான ஆகஸ்ட் 31க்கு என் வீட்டு வாசலிலும் கொடி பறக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) என் மகளைத் தன் பேத்தியாகத்தான் பார்க்கிறார். நான் எந்த இனத்தையும் திட்டவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு இன்னொருவனை வெளியே போ என்று சொல்வதைத்தான் திட்டுகிறேன்.

"எதற்கெடுத்தாலும் மனநோய் என்கிறாய்" என்பவர்களுக்கு: 2022 தேசிய சுகாதார ஆய்வில் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு. எல்லாம் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே சோர்ந்த பிள்ளையின் தலையில் இதையும் ஏற்றாதீர்கள் என்கிறேன். பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதோடு அரசாங்கக் கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப்பிரிவையே 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து நாம்தான் இன்னும் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2020இல் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகள்மீது இணையத்தில் வெறுப்பைக் கொட்டியபோது நம்மவர்களும் சேர்ந்துதானே கொட்டினார்கள்? இன்று செம்பனைக் குலை வெட்டுகிற பங்களாதேஷ் பையன்கள் நம் பாட்டிமார் இருந்த அதே லயத்தில்தான் படுக்கிறார்கள். போன வாரம் மளிகைக் கடையில், வரிசையில் நின்ற அப்படியொரு பையனைப் பார்த்து "ஊருக்குப் போடா" என்றது ஒரு தமிழ் வாய். அவன் ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போனான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இனி என் முன்னால் யாராவது அப்படிப் பேசினால், சொந்த மாமாவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே சண்டை போடுவேன்.