ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பாஸான மாப்பிள்ளை

இடம்: அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். ஜூலை மாதம், முற்பகல், வெளியே 112 டிகிரி ஃபாரன்ஹீட் (நம் செல்சியஸ் கணக்கில் 44). வேனை ஓட்டுகிறவர் மாப்பிள்ளை, சொந்தமாக ஏசி கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். பக்கத்தில் மாமனார். கும்பகோணம் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டில் டிவி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "நானும் வருகிறேனே" என்று வேனில் ஏறிக்கொண்டவர். மடியில் ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் குடை. இந்த ஊரில் மழைக்கு எங்கே போவது என்று எல்லாரும் சிரித்தார்கள். வெயிலைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாமனார்: மாப்பிள்ளை, தப்பாக நினைக்காதீர்கள். வேன் மேல் என்ன எழுதியிருக்கிறது?

மாப்பிள்ளை: ஹீட்டிங் அண்ட் கூலிங், மாமா.

மாமனார்: கூலிங் சரி. இந்த ஊரில் ஹீட்டிங் எந்தப் பைத்தியக்காரன் கேட்பான்? காலையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், வெந்நீர் வருகிறது. கெய்சரே போடவில்லை என்கிறாள் உங்கள் வீட்டுக்காரி.

மாப்பிள்ளை: டிசம்பரில் வந்து பாருங்கள். ராத்திரி ஆறு ஏழு டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும். அதே மிஷின்தான், உள்ளே ஒரு வால்வு திரும்பிக்கொண்டால் வெளியே இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள் தள்ளும், ஹீட் பம்ப் என்பார்கள். குளிர் ஆரம்பிக்கிறபோது முதல் நாள் ஹீட்டரைப் போடுவார்கள் பாருங்கள், கோடை முழுக்கப் படிந்த தூசி கருகி ஒரு நாற்றம் வரும், வீடு தீப்பிடித்துவிட்டது என்று எனக்குப் போன் வரும்.

மாமனார்: தீயணைப்பு நிலையத்துக்கு அல்லவா பண்ண வேண்டும்?

மாப்பிள்ளை: முதலில் அவர்களுக்குத்தான். அவர்கள் வந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏசிக்காரனைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மாமனார்: அங்கேதான் எனக்கு இடிக்கிறது. "ஏசிக்காரன்". உங்கள் அத்தை ஊர் முழுக்க, மாப்பிள்ளை அமெரிக்காவில் மெக்கானிக்கல் என்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். பத்திரிகையில் பி.இ. என்று கொட்டை எழுத்தில் போட்டோம்.

மாப்பிள்ளை: போட்ட பி.இ. அழிந்தா போய்விட்டது? ஆபீசில் ஜம்மென்று ஏசியில் உட்கார்ந்திருந்தேன், ஆளைக் குறைத்தார்கள். அப்புறம்தான் யோசித்தேன் மாமா, ஏசியில் உட்கார்ந்திருப்பவனைக் குறைப்பார்கள், இந்த ஊரில் ஏசியைக் குறைப்பார்களா? ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து பரண் பரணாக ஏறி இறங்கினேன். 2023-இல் ஜூன் கடைசியிலிருந்து தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியைத் தொடாத பகலே இல்லை. அந்த மாதம் எனக்குக் கிடைத்த மரியாதை இந்த ஊரில் எந்த டாக்டருக்கும் கிடைத்திருக்காது. ஒரு பாட்டி கட்டிக்கொண்டு அழுதாள்.

மாமனார்: 110 என்றால் நம் கணக்கில்?

மாப்பிள்ளை: 43 சொச்சம்.

மாமனார்: பூ, இவ்வளவுதானா! கத்திரி வெயிலில் வேலூர்க்காரனைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை: இங்கே 1990 ஜூன் 26-ஆம் தேதி 122 போனது. செல்சியஸில் சரியாக 50.

(மாமனார் பேசவில்லை. ஏசி காற்று வருகிற துவாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.)

(வீடு வந்துவிட்டது. பக்கச் சந்தில், மதில் ஓரமாக வெளி யூனிட். மாமனார் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்.)

மாப்பிள்ளை: பார்த்து மாமா, அந்த இரும்புக் கேட்டைத் தொடாதீர்கள்.

மாமனார்: ஆ! முன்னாலேயே சொல்லக் கூடாதா?

மாப்பிள்ளை: முன்னாலேதான் சொன்னேன். இங்கே கோடையில் தார் ரோட்டில் தடுக்கி விழுந்தவர்களே தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நீங்கள் நிழலில் நில்லுங்கள்.

மாமனார்: எனக்குத் தெரியும், கேஸ் போயிருக்கும். நம் வீட்டுக்கு ஒரு பையன் வருவான், வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் கேஸ் அடித்துவிட்டுப் போவான். பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவான் கேஸ் இல்லையென்று. அப்படி ஒரு கைராசி.

மாப்பிள்ளை: கேஸ் என்ன பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாசாரமா? அது குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பத்து வருஷம் ஆனாலும் அதேதான். குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் அடிக்கிறான் என்றால் கைராசி அவனுக்குத்தான்.

மாமனார்: (விரல் விட்டு எண்ணுகிறார்) அடப்பாவி! பொங்கலுக்கு வேட்டி வேறு எடுத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை: இங்கே கேஸைத் தொடவே சான்று வேண்டும். மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை விதி, 608 என்று பெயர். வேண்டுமென்றே காற்றில் திறந்துவிட்டால் குற்றம். பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 என்கிற கேஸின் தயாரிப்பையும் இறக்குமதியையும் 2020-இல் நிறுத்திவிட்டார்கள், அடுத்து வந்த ஆர்-410ஏ-யும் 2025 முதல் புதிதாகத் தயாராகிற வீட்டு ஏசிகளில் கிடையாது. இப்போது வருவது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதற்குத் தனி ஜாக்கிரதை.

மாமனார்: (கேஸ் விவரத்தையெல்லாம் விட்டுவிட்டு) சான்று என்றீர்களே, எழுத்து மூலமாகவா?

மாப்பிள்ளை: கார்டே கொடுப்பார்கள். அது கேஸுக்கு. கான்ட்ராக்ட் எடுக்க லைசென்ஸ் தனி. அரிசோனா ரிஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் என்று ஒரு ஆபீஸ்.

மாமனார்: ரிஜிஸ்ட்ராரா!

(குடை நிமிர்கிறது. மாமனாரும்.)

மாப்பிள்ளை: வீட்டு ஏசிக்கு ஆர்-39 என்று ஒரு வகுப்பு. நாலு வருஷ அனுபவம் காட்ட வேண்டும், தொழில் தேர்வு ஒன்று, சட்டதிட்டத் தேர்வு ஒன்று, அதற்கு மேல் ஜாமீன் பாண்டு, ஆளைப் பற்றிய விசாரணை.

மாமனார்: சட்டத் தேர்வா? அதில் பாஸா? மாப்பிள்ளை, இதை ஏன் இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லை? டிபார்ட்மெண்ட் டெஸ்ட் பாஸ் பண்ண நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா? உங்கள் அத்தையிடம் இன்றைக்கே சொல்கிறேன், ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் சட்டத் தேர்வு எழுதி உத்தரவு வாங்கியவர் என்று. ஏசி என்கிற வார்த்தையே வேண்டாம்.

மாப்பிள்ளை: அந்த ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். பச்சைப் பிடி. வேண்டாம், கம்பியைத் தொடாதீர்கள், சுடும்.

மாமனார்: யாராவது புகார் கொடுத்தால்?

மாப்பிள்ளை: வேலை முடிந்து ரெண்டு வருஷத்துக்குள் கொடுக்கலாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஒழுங்கு நடவடிக்கை என்று வந்துவிட்டால் லைசென்ஸ் நம்பரைத் தட்டுகிற எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

மாமனார்: எவரும் என்றால், பொதுமக்களா? ஃபைல் கட்டுக்குள் போய்விடாதா?

மாப்பிள்ளை: போகாது.

மாமனார்: பயங்கரமான ஊர்.

மாப்பிள்ளை: இதைப் பாருங்கள், கெப்பாசிட்டர், மோட்டார் கிளம்பிச் சுற்றக் கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற டப்பா. தலை உப்பியிருக்கிறதா? மீட்டர் வைத்தால் 45 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது 28 காட்டுகிறது. சூட்டில் முதலில் போவது இதுதான். கரண்டை நிறுத்தினாலும் இதற்குள் மிச்சம் இருக்கும், அதை இறக்காமல் தொட்டால் தூக்கி அடித்துவிடும். பக்கத்தில் கான்டாக்டரைப் பாருங்கள்.

மாமனார்: கான்ட்ராக்டர் நீங்கள்தானே?

மாப்பிள்ளை: இது கான்டாக்டர், உள்ளே இருக்கிற ஸ்விட்ச். எறும்பு புகுந்து நசுங்கிக் கிடக்கிறது.

மாமனார்: இந்த வெயிலில் எறும்புக்குக்கூட ஏசி வேண்டியிருக்கிறது. இது வாடகை வீடா?

மாப்பிள்ளை: ஆமாம், வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார். ஏசி இருக்கிற வாடகை வீட்டுக்குள் 82 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று நகராட்சிச் சட்டம். நமக்கு 28.

மாமனார்: 28-ஆ? எனக்கு அது மார்கழி. மஃப்ளர் தேடுவேன். வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போட இப்படி ஒரு சட்டமா!

(புது கெப்பாசிட்டர் மாட்டியாகிறது, எறும்பு தட்டியாகிறது. விசிறி ஒரு உறுமு உறுமிச் சுற்ற ஆரம்பிக்கிறது. உள்ளிருந்து யாரோ கை தட்டுகிறார்கள்.)

மாமனார்: அவ்வளவுதானா? இந்த டப்பாவுக்கு எவ்வளவு?

(மாப்பிள்ளை காதில் சொல்கிறார். மாமனார் மனசுக்குள் ரூபாய்க் கணக்குப் போட்டுவிட்டு உட்கார இடம் தேடுகிறார்.)

மாப்பிள்ளை: டப்பா விலை கொஞ்சம்தான் மாமா. பாண்டு, இன்ஷூரன்ஸ், வேன், பிப்ரவரி மார்ச்சில் போனே வராமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாள், எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

மாமனார்: சரி, வசூல் உங்கள் பாடு. ரசீது எங்கே?

மாப்பிள்ளை: வீட்டுக்காரர் டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டார், ஈமெயிலில் போய்விட்டது. லைசென்ஸ் நம்பரும் அதிலேயே இருக்கிறது.

மாமனார்: ஆபீஸ் நகல்?

மாப்பிள்ளை: அதுவும் ஈமெயில்தான்.

மாமனார்: சீல்?

மாப்பிள்ளை: சீல் கிடையாது.

மாமனார்: வட்ட சீல் வேண்டாம், ஒரு நீட்டுச் சீல்?

மாப்பிள்ளை: எந்தச் சீலும் கிடையாது மாமா, ஏறுங்கள், அடுத்த வீட்டில் மூன்று குழந்தைகள் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமனார்: ரிஜிஸ்ட்ரார் என்று பேர் வைத்துக்கொண்டு சீல் இல்லாமல் எப்படி மாப்பிள்ளை ஆபீஸ் நடத்துகிறார்கள்? அந்த ஆபீஸ் போகிற வழியிலா? ஒரு எட்டு நிறுத்துங்கள், உள்ளே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.