எமர்சனின் மூதாதையர்: பெண் வழியையும் பாருங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் வால்டோ எமர்சனின் குடும்பத்தில் தேவாலயப் போதகர் வேலை அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து என்று அவரைப் பற்றிய கட்டுரை சொல்கிறது. பாதி சரி. மீதிப் பாதி மாமனார் வழி!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1635-ல் அந்த ஊரை அமைத்தவர்களில் ஒருவரான பீட்டர் பல்க்லிதான் அங்கே முதல் போதகர். அவருடைய பேத்தியைக் கட்டியவர் ஜோசப் எமர்சன். பல்க்லி ரத்தம் அப்படித்தான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தது. பிறகு அதே ஊரில் டேனியல் பிளிஸ் போதகர். அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்த வில்லியம் எமர்சன், பிளிஸின் மகள் ஃபீபியை மணந்தார். 1775 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், அந்த ஊர்ப் பாலத்தில் நடந்த சண்டை இவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயேதான். மறு வருடம் வில்லியம் படையோடு போய்விட்டுத் திரும்பும் வழியில் காய்ச்சலில் இறந்தார். அப்புறம் வந்த போதகர் எஸ்ரா ரிப்ளி, 1780-ல் மணந்தது யாரை? அதே ஃபீபியை. ரிப்ளி 1841 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஆக, பிளிஸ், வில்லியம், ரிப்ளி என்ற மூன்று போதகர்களையும் இணைப்பவர் ஃபீபிதான். ரால்ஃப் வால்டோவுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி. கட்டுரையில் உள்ள வம்சாவளிப் படத்தில் அவர் பெயரையே காணோமே! முடிந்தால் சேர்த்துவிடுங்கள்.