கேள்வி சரி, விலாசம்தான் தப்பு

எங்கள் ஐயா கறுப்புச் சட்டைக்காரர். அப்பத்தா பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கு நடந்தே போகிறவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தார்கள். மழை பொய்த்த வருஷம் ஐயா திண்ணையில் உட்கார்ந்தபடி, "உன் முருகன்கிட்ட மழை கேட்டியா?" என்பார். அப்பத்தா அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "கேட்டேன். நீங்க இருக்குற ஊருக்கு வர அவனுக்குக் கூச்சமா இருக்காம்" என்பார். வெள்ளிக்கிழமைச் சுண்டலில் முதல் கிண்ணம் ஐயாவுக்குத்தான். "பிரசாதம்னு திங்கல, கடலைன்னு திங்கிறேன்" என்று ஒரு தடவை அறிவித்துவிட்டுச் சாப்பிடுவார்.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று யாரும் உருக வேண்டாம். ஐயா நாத்திகராக இருப்பதற்கு ஆன செலவு ரொம்பக் குறைவு. வீடு மெழுகியது, படையல் சமைத்தது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் மொய்ப்பணத்தோடு போய்த் தலையைக் காட்டியது, அத்தனையும் அப்பத்தா. ஐயா வர வேண்டிய இடத்துக்கெல்லாம் அவர் போனதால்தான் ஐயாவால் போகாமல் இருக்க முடிந்தது. ஊர் அவரைக் "கொள்கைக்காரர்" என்று சொன்னது. அதே கொள்கையை நான் பேசியபோது "படிச்ச திமிரு" என்றது.

ஊர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லாத என் சித்தி, ஆடி மாதம் அம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் போட்ட சோற்றைக் குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிடுகிற நேர்த்திக்கடன். அன்று சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். நான் கேட்டேன்: "தரையில சோறு தின்னா புள்ளை பிறந்துருமா சித்தி?"

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்தார். அப்புறம் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். பதில் இல்லாததால் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் சித்தப்பா கடைசிவரை பரிசோதனைக்குப் போகவில்லை. "ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு?" என்றிருக்கிறார். நான் சித்தியைக் கேள்வி கேட்ட அந்தக் கூடத்தில்தான் அவரும் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மண்சோறு மூடநம்பிக்கை என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது. கேள்வி சரி. விலாசம்தான் தப்பு.

கடவுள் உண்டா இல்லையா என்று நாம் போடுகிற சண்டைகளில் முக்கால்வாசி இப்படி விலாசம் தவறிப் போகிறவைதான். கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்தால், "சாமி எங்கே போச்சு?" என்று எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். பிணத்தை வாங்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் காதில்தான் அது விழும். பன்னிரண்டு பேர் போகிற வண்டியில் இருபத்தைந்து பேரை ஏற்றியவனுக்கு அது கேட்காது. அந்தப் பக்கத்துக்காரர்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. "கடவுள் பயம் இல்லாதவங்களுக்கு ஒழுக்கம் எங்கேருந்து வரும்?" என்று வாடகையை ஒன்றாம் தேதி கொடுக்கிற என்னிடம் கேட்பார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பாக்கி வைத்துவிட்டு, திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவரிடம் அதே கேள்வி போவதில்லை.

பெரியார் என்றால் பலருக்கும் சிலைப் பீடத்தில் இருக்கிற "கடவுள் இல்லை" மட்டும்தான் ஞாபகம் வரும். அந்த வாசகத்தை எடுக்கச் சொல்லி வழக்குகூடப் போட்டார்கள். கடவுள் உண்டு என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கிற மாதிரி இல்லை என்று சொல்லவும் உரிமை உண்டு என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சரியான தீர்ப்பு. ஆனால் எனக்கு அந்த வாசகத்தைவிட, கோயிலே வேண்டாம் என்ற அந்த மனிதர் கடைசிக் காலத்தில் எதற்காகப் போராடினார் என்பதுதான் பெரிய விஷயம். எல்லாச் சாதிக்காரர்களும் கருவறைக்குள் போய்ப் பூசை செய்ய வேண்டும் என்றார். சாமியை நம்பாத உனக்கு அதில் என்ன அக்கறை என்று அன்றைக்கே கேட்டார்கள். கேள்வி போக வேண்டிய கதவைச் சரியாகத் தட்டியதால் வந்த எரிச்சல் அது. 1970-ல் சட்டம் வந்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரை உரிமை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, கோயில் பூசை விதிகளான ஆகமத்தை மீறக் கூடாது என்று ஒரு முடிச்சும் போட்டது. முறையாகப் பயிற்சி பெற்ற பல சாதிகளைச் சேர்ந்த 24 பேர் கையில் பணி ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில். அவர்கள் எல்லோரும் பக்தர்கள் என்பதையும் கவனியுங்கள்.

அதே பெரியார் 1953-ல் பிள்ளையார் பொம்மைகளை உடைக்கச் சொன்னதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பூசையில் இல்லாத மண்பொம்மைதானே என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கை விட்டுவிட்டன. 1958-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை அவ்வளவு குறுக்கிப் பார்த்தது தவறு என்றது, ஆனால் ஐந்து வருஷப் பழைய விஷயத்தை மறுபடி கிளறவில்லை. எங்கள் ஐயாவும் அப்போது ஒன்றை உடைத்தவர். புரோகிதம் மேல் போட்ட அடி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தா அதற்காக மூன்று நாள் அவரோடு பேசவில்லை. "சோறு மட்டும் போட்டேன், வாயைத் தொறக்கல" என்பார்.

குன்றக்குடி சைவ மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் கதையும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி அடிபடும். நாத்திகப் பிரசாரத்துக்குப் பதில் சொல்லத்தான் அவர் அருள்நெறித் திருக்கூட்டம் என்ற அமைப்பைத் தொடங்கி ஊர் ஊராகப் பேசினார். அப்புறம் அவரும் பெரியாரும் நேரில் சந்தித்தார்கள், சிநேகமானார்கள். மடத்துக்குப் போன பெரியார், கொடுத்த திருநீற்றை மறுக்காமல் பூசிக்கொண்டார் என்று சொல்வார்கள். இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் திருநீற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்தையதுதான் பிடிக்கும். ஆதீனகர்த்தர் ஆதீனகர்த்தராகவே இருந்தார், பெரியார் பெரியாராகவே இருந்தார். சாதி கூடாது, வழிபாடு தமிழில் வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் இரண்டு பேர் விரலும் ஒரே பக்கம் நீண்டது. 1982-ல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டபோது அங்கே சமாதானம் பேசப் போனவர் அடிகளார். அந்த மாதிரி ஓர் ஆன்மிகவாதியிடம் எனக்குக் கடவுளைப் பற்றிக் கேட்க ஒன்றுமே இல்லை.

"அவரவர் நம்பிக்கை அவரவருக்கு" என்று சொல்லிப் பேச்சை முடிக்கிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. ஒரு தெருக்காரர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற கோயில் என்றால் அது நம்பிக்கைக்காரர்களின் சொந்த விஷயம் ஆகாது. கேட்பேன், பூட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவரிடம்.

போன வருஷம் என் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். என் கல்யாணம் மாலை மாற்றி நடந்ததை இன்னும் முழுக் கல்யாணமாக ஒத்துக்கொள்ளாதவர். தியேட்டருக்குள் கூட்டிப்போகும் முன் நர்ஸ் வந்து, நகை எதுவும் இருக்கக் கூடாது, நெற்றியைத் துடைத்துவிடுங்கள் என்றார். அத்தை தாலிக்கொடியைக் கழற்றினார். தலையணைக்கு அடியிலிருந்து, செய்தித்தாளில் மடித்த வைத்தீஸ்வரன் கோயில் விபூதிப் பொட்டலத்தையும் எடுத்தார். இரண்டையும் என் கையில் வைத்தார்.

"அவருகிட்ட கொடுங்க அத்தை. சாமி கும்பிடுறது அவருதானே?"

"அவன் எங்கயாவது வச்சுட்டு மறந்துருவான். நீ வச்சிரு."

தாலிக்கொடியை மறுநாளே வாங்கிக்கொண்டார். பொட்டலத்தைக் கேட்கவில்லை. கைப்பையின் ஜிப் அறையில் இன்னும் கிடக்கிறது, சில்லறை தேடும்போதெல்லாம் விரலில் கொஞ்சம் ஒட்டுகிறது.