வெஸ்ட் ஹாமுக்கு இன்னொரு ஸ்ட்ரைக்கர் வேண்டாம்

2026 ஜனவரி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் லண்டன் கால்பந்து கிளப்பான வெஸ்ட் ஹாம் இரண்டு ஸ்ட்ரைக்கர்களை, அதாவது கோல் போடுவதே வேலையான முன்கள வீரர்களை, வாங்கிவிட்டது. போர்ச்சுகலின் கில் விசென்ட்டேயிலிருந்து பாப்லோ, இத்தாலியின் லாட்சியோவிலிருந்து காஸ்டெல்லானோஸ். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கொண்டாட்டம். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

நிலைமையை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். 21 ஆட்டங்கள் முடிந்து 14 புள்ளி. பட்டியலில் 18ஆவது இடம். பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று அணிகள் அடுத்த நிலை லீக்குக்குக் கீழே போகும் என்பதால், 17ஆவது இடத்தில் இருக்கிற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்தான் நாம் எட்டிப் பிடிக்க வேண்டிய அணி. அவர்கள் 7 புள்ளி முன்னால் இருக்கிறார்கள். மீதி இருப்பது 17 ஆட்டம்.

அந்த ஃபாரஸ்ட்டுடன்தான் செவ்வாய்க்கிழமை சொந்த மைதானத்தில் மோதினோம். நம் ஊர்க் கணக்கில் புதன் அதிகாலை ஒன்றரை மணி. எதிரணிக்காரரே சொந்த வலையில் போட்டுக்கொடுத்த கோலில் முன்னிலை பெற்றோம். அப்புறம் சமன். 89ஆவது நிமிடத்தில் நம் கீப்பர் அரேயோலா பந்தைக் குத்தப் போய் கிப்ஸ்-வைட்டின் முகத்தில் குத்த, பெனால்டி, தோல்வி. அதற்கு முந்தைய சனிக்கிழமை இன்னும் மோசம். 19 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல் வெறும் 3 புள்ளியோடு கிடந்த வுல்வ்ஸ், நம்மை 3-0 என்று அடித்தது. மூன்றும் முதல் பாதியிலேயே. சீசனின் முதல் வெற்றியை யாராவது யாருக்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டும், சரி. அது ஏன் எப்போதும் நாமாகவே இருக்கிறோம்?

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வெஸ்ட் ஹாமுக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்பவர்களுக்கு: இது கிரிக்கெட் ஊர்தான், சின்னப்பம்பட்டி நடராஜனின் மாவட்டம்தான், தெரியும். ஆனால் என் மாமா உருக்காலையில் வேலை பார்த்தவர். வெஸ்ட் ஹாம் 1895இல் தொடங்கியபோது அதன் பெயர் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ். கப்பல் கட்டும் இரும்புப் பட்டறைத் தொழிலாளர்களின் அணி. 1900இல்தான் இப்போதைய பெயர் வந்தது. சட்டையில் இருக்கிற அந்த இரண்டு சுத்தியல்களும் ரிவெட் அடிக்கிற சுத்தியல்கள். இதைக் கேட்டதும் மாமா, "நம்மாளுங்கடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கும் அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிற என் சிநேகிதன் எதிர்க்கட்சி. இப்போது பழம் பறிக்கிற நேரம், பகலெல்லாம் ஆளைப் பிடிக்க முடியாது. ராத்திரி போன் போட்டால் முதல் வார்த்தையே, "மாப்ள, கோல் போடாம எப்பிடிடா ஜெயிக்கிறது?" நியாயமான கேள்விதான். 2024இல் டார்ட்முண்டிடமிருந்து வாங்கிய ஃபுல்க்ரூக் ஒன்றரை வருடத்தில் லீக்கில் போட்டது மூன்றே கோல். இப்போது லோனில், அதாவது தற்காலிக இரவலாக, மிலனுக்குப் போய்விட்டார். முன்னால் ஆள் இல்லைதான். ஆனால் நம்மைக் குழியில் தள்ளியது அது இல்லை என்பதுதான் என் கட்சி.

ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். முதல் ஆட்டம், பதவி உயர்வு பெற்று அப்போதுதான் மேலே வந்த சண்டர்லாந்திடம் 0-3. அடுத்தது செல்சியிடம் நம் மைதானத்தில் 1-5. முதல் 5 லீக் ஆட்டங்களில் கார்னரிலிருந்து (மைதான மூலையிலிருந்து எதிரணி அடிக்கிற உதை) மட்டும் 7 கோல் வாங்கினோம். கார்னர் என்றால் பந்து எங்கிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எதிரணியில் யார் தலை கொடுப்பார் என்றும் தெரியும். தெரிந்தே ஏழு முறை. செல்சி ஆட்டத்தில் கார்னர் வரும்போதெல்லாம் சிறிய கட்டத்துக்குள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கீப்பர் ஹெர்மான்சனுக்கு வெளியே வர வழியே இல்லை. நம் ஆட்கள் ஆளையும் பிடிக்கவில்லை, இடத்தையும் பிடிக்கவில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். லெஸ்டரிலிருந்து கோடையில்தான் வாங்கப்பட்ட ஹெர்மான்சன் அந்த வாரங்களிலேயே இடத்தை அரேயோலாவிடம் இழந்தார். செப்டம்பர் கடைசியில் பயிற்சியாளர் கிரகாம் பாட்டரின் வேலையும் போனது. புதுப் பயிற்சியாளராக நூனோ வந்தார்.

பின்வரிசை ஏன் இப்படி ஆனது? முந்தைய கோடையில் வுல்வ்ஸிடமிருந்து 4 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கிய கில்மன் இன்னும் அந்த விலைக்கு ஆடவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) அகெர்டை மார்செய்க்கு விற்றார்கள். அதற்கு ஈடாக அதே கடைசி நாளில் பிரைட்டனிலிருந்து ஒருவரை லோனில் எடுத்தார்கள். அவர் ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததே அதிகம். சென்டர் பேக்கை விற்றுவிட்டு சென்டர் பேக் வாங்காத கிளப், ஜனவரியில் வந்து முதல் வேலையாக இரண்டு ஸ்ட்ரைக்கர் வாங்குகிறது. இதை என்னவென்று சொல்ல?

சிநேகிதன் இங்கே வரலாற்றை இழுப்பான். சரி, இழுக்கட்டும். இந்த விஷயத்தில் வெஸ்ட் ஹாமை மிஞ்ச ஆள் கிடையாது.

2002-03 சீசன். ஜோ கோல், மைக்கேல் கேரிக், டெஃபோ, டி கானியோ, கனூட்டே எல்லோரும் ஒரே அணியில். இன்றைக்கு அந்தப் பட்டியலைப் படித்தால் சாம்பியன்ஸ் லீக் அணி மாதிரி இருக்கும். ஜனவரி கடைசி வரை சொந்த மைதானத்தில் ஒரு லீக் வெற்றிகூட இல்லை. அந்த ஜனவரியில் கிளப் வாங்கியவர்களில் ஒருவர் லெஸ் ஃபெர்டினாண்ட், 36 வயது ஸ்ட்ரைக்கர். கடைசியில் 42 புள்ளி எடுத்தும் கீழே போனார்கள். 38 ஆட்டச் சீசனில் அத்தனை புள்ளியோடு கீழே போன அணி பிரீமியர் லீக்கில் வேறு இல்லை. கோல் போட ஆள் இல்லாமல் போகவில்லை. 59 கோல் வாங்கிப் போனார்கள்.

2010-11 இன்னும் பொருத்தம். அந்த ஜனவரியில் வந்தவர் டெம்பா பா. வெஸ்ட் ஹாம் ஜனவரியில் வாங்கியதிலேயே பெரிய அதிர்ஷ்டம் அவர்தான், 12 லீக் ஆட்டத்தில் 7 கோல். கூடவே ராபி கீன் லோனில். ஸ்ட்ரைக்கர் வந்தால் பிழைக்கலாம் என்ற கணக்கு அப்படியே பலித்தது, பிழைக்க மட்டும் முடியவில்லை. மே 15, விகன் மைதானம். டெம்பா பா இரண்டு கோல் போட்டு பாதி ஆட்டத்தில் 2-0 முன்னிலை. முடிவு 2-3. மூன்றாவது கோல் 90 நிமிடம் தாண்டிக் கொடுக்கிற காயநேரத்தில். அந்த சீசனில் மொத்தம் வாங்கிய கோல் 70. அட்டவணையில் கடைசி இடம். டெம்பா பா நியூகாசலுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்தார்.

"2007ஐ விட்டுட்டியே, டெவெஸ் இல்லையா?" என்பான். டெவெஸ்தான். கடைசி 9 ஆட்டத்தில் 7 வெற்றி, ஓல்ட் டிராஃபோர்டில் கடைசி நாள் கோல், எல்லாம் சரி. ஆனால் அவர் ஜனவரியில் வந்தவர் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் வந்து, மாதக்கணக்கில் கோலே போடாமல் இருந்து, அப்புறம் பற்றிக்கொண்டவர். அந்தப் பதிவில் விதி மீறியதற்காக 55 லட்சம் பவுண்ட் அபராதம் கட்டியதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அந்த ஜனவரியில் வாங்கியது மேத்யூ அப்சன் என்ற சென்டர் பேக், வந்த வேகத்தில் காயம்பட்டு உட்கார்ந்தார். ஆக அந்த வருடம் என் கட்சிக்கும் சாட்சி இல்லை, அவன் கட்சிக்கும் இல்லை.

உண்மையிலேயே பலன் கொடுத்த ஜனவரி 2020. பயிற்சியாளர் மோயஸ் திரும்பி வந்து ஒரு மாதம். கையில் பெரிய பணம் இல்லை. ஸ்லாவியா ப்ராகிலிருந்து தோமாஷ் சௌசெக், முதலில் லோன்தான். கடைசி நாளில் ஹல் சிட்டியிலிருந்து ஜாரட் போவென். இங்கிலாந்துக்கு வெளியே அப்போது அந்த இரண்டு பெயரும் யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள். அந்த சீசனில் 39 புள்ளியோடு தப்பினோம். சௌசெக் நடுக்களத்தில் நின்று தன் பெட்டிக்குள் வருகிற பந்தையெல்லாம் தலையால் வெளியே அனுப்பினார். கோல் போட்டவர் ஏற்கனவே கிளப்பில் இருந்த அன்டோனியோ, விங்கராக வந்து ஸ்ட்ரைக்கராக மாற்றப்பட்டவர். மூன்று வருடம் கழித்து ப்ராகில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக 90ஆவது நிமிடத்தில் போவென் போட்ட கோலில்தான் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை வந்தது. ஜனவரியில் வாங்குவதென்றால் அப்படி வாங்க வேண்டும்.

மற்றபடி ஜனவரி விண்டோ, அதாவது சீசன் நடுவில் வீரர்களை வாங்கி விற்கிற காலம், என்பது பொங்கலுக்கு முந்தின நாள் வ.உ.சி. மார்க்கெட்டில் பூ வாங்குவது மாதிரி. உனக்கு இன்றைக்கே வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியும். 18ஆவது இடத்தில் இருக்கிற கிளப் போன் செய்தாலே எதிரில் இருப்பவர் விலையை ஏற்றிவைத்துக்கொண்டுதான் எடுப்பார்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், நூனோவுக்கு இது தெரியும் என்பது. 2023 டிசம்பரில் ஃபாரஸ்ட் அணியை ஏற்றார். அந்த ஜனவரி விண்டோவின் கடைசி நாளில் அவர்கள் வாங்கியது ஸ்ட்ராஸ்பர்க் கீப்பர் மத்ஸ் செல்ஸ். 4 புள்ளி தண்டனையாகப் பிடுங்கப்பட்டும் 32 புள்ளியோடு தப்பினார்கள். அடுத்த சீசனில் ஃபாரஸ்ட் 7ஆவது இடம், செல்ஸ் 13 ஆட்டங்களில் கோல் விடாமல், கீப்பர்களுக்கான கோல்டன் க்ளவ் விருதைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முந்தைய வருடமும் அதே ஃபாரஸ்ட் ஜனவரியில் அட்லெட்டிகோவின் சென்டர் பேக் ஃபெலிப்பேயையும் கீப்பர் கெய்லர் நவாஸையும் கொண்டுவந்துதான் தப்பியது. அதாவது நம்மை விட 7 புள்ளி மேலே இருக்கிற கிளப்பே இந்தப் பாடத்தை இரண்டு முறை எழுதிக் காட்டியிருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் இப்போது நம் பெஞ்சில் இருக்கிறார்.

விற்பது பற்றி. நம் நடுக்கள வீரர் பக்கெட்டாவுக்குப் பிரேசில் திரும்ப ஆசை என்று செய்தி ஓடுகிறது. சூதாட்டக் குற்றச்சாட்டுகளில் நிரபராதி என்று போன ஜூலையில்தான் தீர்ப்பு வந்தது. இரண்டு வருடம் அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு வீட்டுக்குப் போக நினைப்பதில் தப்பே இல்லை. போவதானால் நல்ல விலைக்குப் போகட்டும், அந்தப் பணம் பின்வரிசைக்கு வரட்டும். நம் நிர்வாகத்தின் மேல் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. 2023இல் டெக்லன் ரைஸை 10 கோடி பவுண்டுக்கு மேல் விற்றார்கள். போன கோடையில் குதுஸை டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். அத்தனை பணம் உள்ளே வந்தும் கார்னரில் தலை கொடுக்க ஒருவர் இல்லை. ரசிகர்கள் அக்டோபரில் பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்தைப் புறக்கணித்து கிளப் தலைவர் டேவிட் சல்லிவன் விலக வேண்டும் என்று வெளியே நின்றது சும்மா இல்லை. அந்த ஆட்டமும் 0-2 என்பது வேறு விஷயம்.

போவெனை மட்டும் விற்கவே கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு லண்டனைவிட கோவைதான் ஞாபகம் வருகிறது. சென்னை சிட்டி கிளப் நேரு ஸ்டேடியத்தில் ஆடி இந்தியாவின் 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது. பெட்ரோ மான்ஸி 21 கோல். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. அடுத்த சீசனின் நடுவில், 2020 ஜனவரியில், மான்ஸி ஜப்பானின் நிகாடா கிளப்புக்குப் போய்விட்டார். அந்த அணி அப்புறம் பழைய அணியாக இல்லை. 2021க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. மான்ஸி போனதால் மட்டும் கிளப் அழியவில்லை, நிர்வாகக் கோளாறுகள் நிறைய. ஆனாலும் கோல் போடுகிறவரை சீசன் நடுவில் அனுப்புவது கிளப்புக்குள் இருக்கிற மற்ற எல்லோருக்கும் ஒரு சேதி சொல்லிவிடும்.

கீழே போனால் உலகம் அழியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் மைதானமான லண்டன் ஸ்டேடியத்தின் வாடகை கீழே போனால் பாதியாகும், ஒப்பந்தமே அப்படி. இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப் போகிற கிளப்புக்குப் பாராசூட் பணமும், அதாவது விழுந்த அணியைத் தாங்க லீக் தருகிற பணமும், கிடைக்கும். சரிதான். ஆனால் 62,500 பேர் உட்காரும் மைதானத்தில், ஓட்டப்பாதைக்கு அப்பால் எங்கேயோ தெரிகிற ஆட்டத்தை, இரண்டாம் நிலை லீக்கில் யார் வந்து பார்ப்பார்கள்? 1904 முதல் ஆடிய அப்டன் பார்க்கை 2016இல் விட்டுவிட்டு வந்ததே மேலே போவதற்காகத்தான்.

பிப்ரவரி 2 வரை நேரம் இருக்கிறது. 25 வயதுக்குள் இருக்கிற, இடது காலில் ஆடுகிற, காற்றில் வருகிற பந்துக்குப் பயப்படாத ஒரு சென்டர் பேக். பெரிய பெயர் வேண்டாம். முடிந்தால் நடுக்களத்துக்கு இன்னொரு சௌசெக். அவ்வளவுதான் நான் கேட்பது. பாப்லோவும் காஸ்டெல்லானோஸும் ஆளுக்குப் பத்து கோல் போட்டு என் வாயை அடைத்தால் சந்தோஷமாக அடைத்துக்கொள்கிறேன்.

17ஆம் தேதி டாட்டன்ஹாம் ஆட்டம், காணும் பொங்கல் அன்று. எஸ்டேட்டில் லீவு, சிநேகிதன் மலையிலிருந்து இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் முதல் கோல் யார் போடுவார் என்று பந்தயம் கட்டக் கூப்பிடுகிறான். முதல் கார்னரை யார் தலையால் வெளியே தள்ளுவார் என்று கட்டுவதானால் நான் தயார்.