25% ஆர்டர் தானாக வந்துவிடாது

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைப் பற்றி ஒரு நண்பர், “உத்யம் பதிவு இருந்தால் போதும், எந்த அரசு டெண்டரிலும் 25% நமக்குத்தான்” என்று எழுதியிருக்கிறார். இதை நம்பி விலை போட்டால் கை சுடும்.

அந்த 25%, மத்திய அமைச்சகங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் ஓராண்டில் வாங்கும் மொத்தத்தில் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டிய பங்கு. இதைக் கொண்டுவந்த மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணையில் முதலில் இது 20% தான்.

தனி டெண்டரில் கணக்கே வேறு. 1,000 நாற்காலி கேட்கிறார்கள், ஒரு பெரிய கம்பெனி நாற்காலி ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று விலை போட்டு எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) ஆகிறது என்று வையுங்கள். நீங்கள் 2,300 வரைக்குள், அதாவது 15% வித்தியாசத்துக்குள் இருந்தால்தான் வாய்ப்பு. அதுவும் சும்மா இல்லை, அதே 2,000க்கு இறங்கிவர வேண்டும். இறங்கினால் 250 நாற்காலி வரை கிடைக்கும். உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் அந்த வரம்புக்குள் இருந்தால் அந்த 250ஐயும் பங்கு போட வேண்டியதுதான். 2,350 போட்டிருந்தீர்களா? ஒன்றும் இல்லை.

அப்புறம், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021 முதல் அவர்களும் உத்யமில் பதியலாம், ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டும். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) கட்ட வேண்டாம் என்றும் அந்த நண்பர் சொல்லியிருக்கிறார், அது சரி. ஆனால் தமிழக அரசு டெண்டருக்கு இந்த மத்திய ஆணையைக் காட்டாதீர்கள். அங்கே 1998 ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் அதன் விதிகளும்தான் செல்லும்.