மகள் வயிற்றுப் பேரனும் பிண்டம் கொடுக்கலாம்

"மகன் இல்லாதவருக்குப் பிண்டம் கிடையாது, மகளின் பிள்ளை கொடுத்தால் போய்ச் சேராது, மனுவே சொல்லியிருக்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனு சொல்வது நேர் எதிர். மனுஸ்மிருதி, 9ஆம் அத்தியாயம், 132ஆம் சுலோகம்: மகன் இல்லாதவரின் சொத்தை மகளின் மகன் எடுத்துக்கொண்டு, தன் அப்பாவுக்கும் தாய்வழித் தாத்தாவுக்கும் இரண்டு பிண்டம் கொடுக்க வேண்டும். 'அது புத்திரிகையாக (அவள் பெறும் மகன் தனக்கே மகன் முறை என்று தந்தை முன்கூட்டியே) நியமித்த மகளுக்கு மட்டும்தானே' என்று கேட்கலாம். சரி, 136ஐப் பாருங்கள்: நியமித்தாலும் நியமிக்காவிட்டாலும் அவள் பெற்ற மகன் தாத்தாவுக்குப் பிண்டம் கொடுக்கலாம். 139இல், மகனின் மகனுக்கும் மகளின் மகனுக்கும் வேறுபாடே இல்லை என்கிறார். சிராத்தத்தைப் புனிதமாக்கும் மூன்றில் எள்ளோடு மகளின் மகனையும் சேர்த்தவர் அவர் (3.235).

நடைமுறையும் அப்படித்தான். அமாவாசைத் தர்ப்பணத்தில் தாய்வழித் தாத்தா வர்க்கத்துக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிறோமே! விஷ்ணு புராணம் (3.13) இன்னும் ஒரு படி போய், இரு குலத்திலும் ஆண்கள் இல்லாதபோது பெண்களே கிரியை செய்யலாம் என்கிறது.

குடும்ப வழக்கம், சூத்திரம் (குடும்பம் பின்பற்றும் சடங்கு நூல்) பொறுத்து முறை மாறும். அதை உங்கள் வாத்தியாரிடம் (புரோகிதரிடம்) கேளுங்கள். ஆனால் பெண் பிள்ளை மட்டும் உள்ள பெற்றோரை மனுவின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.