சிறுநீர் நாளக் கல்லுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டுமா?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர் நாளத்தில் கல் சிக்கினால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள், அதற்கு அஞ்சி வாழைத்தண்டுச் சாறு குடித்தால் எந்தக் கல்லும் கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது.

ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறுகின்றன. வெளியேறாதவற்றுக்கு, சிறுநீர் வெளியேறும் வழியாகவே யூரிட்ரோஸ்கோப் எனும் மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, ஹோல்மியம் லேசரால் கல்லை உடைத்து எடுப்பதே இன்று பரவலான முறை. இதில் உடலின் மேற்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கும் முறை 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செய்யப்பட்டது. பிற வழிகளில் எடுக்க இயலாத, நெடுநாள் இறுகிப்போன பெருங்கற்களுக்கு மட்டும் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையோ, மிக அரிதாகத் திறந்த அறுவையோ தேவைப்படலாம்.

கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. அவற்றைக் கரைக்கும் சாறோ மருந்தோ இல்லை. யூரிக் அமிலக் கற்களை மட்டும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால், மருத்துவக் கண்காணிப்பில் கரைக்க முடியும்.

வலி நின்றதாலேயே கல் போய்விட்டதாகக் கருதக் கூடாது. அடைப்பு வலியின்றி நீடித்துச் சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடும் என்பதால் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்துவது அவசியம். வலியுடன் குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்நிலையில் மருத்துவர்கள் கல்லைத் தொடாமல், சிறுநீர் நாளத்துக்குள் ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை வைத்தோ, முதுகுவழியே சிறுநீரகத்துக்குள் குழாய் செலுத்தியோ தேங்கிய சிறுநீரை முதலில் வடிப்பார்கள்.